எமில்டா சொன்ன ‘நான்’

எமில்டாவைக் கனடாவின் வோபர்ன் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் அவளைக் கண்டால் நின்று கதைப்பவர்கள் குறைவு. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பாள். எதிரே ஒரு பெண் தள்ளுவண்டிலோடு வருவாள். எமில்டாவைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி, எதையோ எடுக்க மறந்தவள்போல அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் பக்கம் திரும்பிவிடுவாள். அவளுக்கு எமில்டாமீது கோபம் ஒன்றும் இல்லை. தடுப்பு முகாமில் தனக்கு நடந்ததை அவள் ஓர் அகதி விசாரணை அறையில் சொன்னபோது, அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியவள் எமில்டா. கணவனுக்குக்கூடச் சொல்லாத விடயம். அதைத் தெரிந்த ஒருத்தியோடு கத்தரிக்காய் விலை கதைக்க வாய் எப்படி வரும்?

எமில்டாவும் கூப்பிடமாட்டாள். அவளுடைய தொழிலில் அது விதி. வழக்காடு மன்றத்திலோ ஆஸ்பத்திரியிலோ யாருக்கு மொழிபெயர்க்கிறோமோ அவரோடு தனியாகப் பேசக்கூடாது, போன் நம்பர் கொடுக்கக்கூடாது, முடிந்ததும் ஒன்றாக லிப்டில் இறங்கக்கூடாது. இன்னொரு விதியும் உண்டு. ‘என்னை அடித்தார்கள்’ என்று ஒருவர் தமிழில் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் ‘அவரை அடித்தார்கள்’ என்று சொல்லக்கூடாது. ‘என்னை அடித்தார்கள்’ என்றுதான் சொல்லவேண்டும். அவளுக்கே எதையாவது கேட்க வேண்டியிருந்தால், ‘மொழிபெயர்ப்பாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை’ என்று தன்னை மூன்றாம் ஆளாக்கித்தான் கேட்கலாம். வேலையில் எமில்டா சொல்லும் ‘நான்’ எப்போதும் வேறு யாரோ ஒருவருடைய ‘நான்’. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனாகவும் பிள்ளை பெறும் பெண்ணாகவும் புற்றுநோய் வந்த கிழவனாகவும் அவள் பேசியிருக்கிறாள்.

குருநகரில் பிறந்து கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே படித்த ஆங்கிலம்தான் கனடாவில் கைகொடுத்தது. வந்த புதிதில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடைத்தாள். பிறகு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். கணவன் ஜெயரட்ணம் மகளுக்குப் பத்து வயதாயிருக்கும்போதே பிரிந்து ரெக்ஸ்டேலுக்குப் போய்விட்டான். அங்கே இப்போது அவனுக்கு வேறு குடும்பம். மகள் நிரோஷினி வான்கூவரில் வேலை செய்கிறாள். நல்ல பிள்ளை. குறுஞ்செய்தியில் இதயப் படம் அனுப்புவாள். பேசுவது குறைவு.

வேலை இல்லாத நாட்களில் எமில்டா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிடுவதுண்டு. பின்னேரம் வங்கியிலிருந்தோ வேறெங்கிருந்தோ யாராவது போன் எடுத்தால் முதல் சொல் தொண்டையில் கரகரத்துக்கொண்டுதான் வெளியே வரும். அதனால் யாரும் எடுக்காத நாட்களிலும் மாலையில் ஒருதரம் செருமிப் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பெப்ரவரியில் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பிக்கரிங்கில் ஒரு பொதுக்கூட்டம். அங்கே ஏரிக்கரையில் இருக்கும் அணுமின் நிலையத்தின் பழைய உலைகளைத் திருத்தி இன்னும் பல வருடங்கள் ஓடவிடுவதா, மூடிவிடுவதா என்று அயலில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்கிறார்கள். தமிழில் பேச ஒரேயொருவர் பெயர் கொடுத்திருக்கிறார். தில்லையம்பலம் என்று பெயர். அவருக்காக எமில்டா போகவேண்டும்.

அன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. சாதாரணமாகக் கொட்டவில்லை. காற்று அதை ஏரிப் பக்கமிருந்து அள்ளி எறிந்தது. வேண்டாத பயணங்களைத் தவிர்க்கும்படி வானொலி சொல்லிக்கொண்டேயிருந்தது. கூட்டத்தை ஒத்திவைப்பார்கள் என்று எமில்டா கடைசிவரை பார்த்தாள். ஒத்திவைக்கவில்லை. நடத்துபவர்கள் முதல்நாளே வந்து ஹோட்டலில் தங்கிவிட்டார்கள். அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

401 நெடுஞ்சாலையில் ஏறியது பிழை என்பது ரூஜ் ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. முன்னால் போன கார் இருந்தது, பிறகு இல்லை. வெள்ளைத் துணியைத் தலையில் போட்டு மூடியதுபோல எல்லாம் மறைந்தது. வீதியின் கோடு தெரியவில்லை. வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. பிரேக்கை அழுத்தினால் வழுக்கும், நின்றால் பின்னால் வருபவன் இடிப்பான். அவள் காலை மெல்ல எடுத்து, வண்டி தானாக வேகம் குறையும்வரை ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரை விலகியபோது பெரிய ட்றக் ஒன்று ஒடிந்த முழங்கைபோல மடங்கி மூன்று வழிகளையும் மறித்துக் கிடந்தது. சாரதி வெளியே நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான்.

ஓரமாக ஊர்ந்து அடுத்த வெளிவழியால் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கினாள். கிங்ஸ்ரன் வீதியில் ஒரு பனி அகற்றும் வண்டி உப்பை எறிந்துகொண்டு போனது. அதன் நீல விளக்கை விடாமல் பின்தொடர்ந்தாள். காருக்குள் தன்னையறியாமல் அருள்நிறை மரியே செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிக்கரிங் மண்டபத்துக்கு வந்து காரை நிறுத்தியபோது விரல்கள் ஸ்ரியறிங்கிலிருந்து விரிய மறுத்தன.

மண்டபத்தில் நாற்காலிகள் வரிசை வரிசையாகப் போட்டிருந்தன. ஆட்கள்தான் இல்லை. முன்மேசையில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி வெள்ளை முடியும் மெல்லிய குரலும் கொண்ட பெண். கீழே ஈரக் கோட்டுகளோடு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர். எமில்டாவுக்கு முன்பக்கம் ஒரு சிறிய மேசையும் மைக்கும் கொடுத்தார்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி தில்லையம்பலத்துக்கு. அது காலியாகவே இருந்தது.

முதலில் பேசியவர் கெவின். அந்த நிலையத்திலேயே இருபது வருடமாக வேலை செய்பவர், நீலச் சட்டைக்காரர். “எங்களுடைய நிலையத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அங்கே ஒருநாள் வந்து பாருங்கள். எங்கள் பிள்ளைகளும் இதே ஊரில்தான் படிக்கிறார்கள். இன்றைக்கு மாதிரியொரு நாளில் காற்றாடியும் சூரியத் தகடும் உங்கள் வீட்டைச் சூடாக்குமா?” என்று கேட்டார். அடுத்து மார்த்தா. பிக்கரிங்கின் வடக்கில் குதிரைப் பண்ணை வைத்திருப்பவள். “நாங்கள் பாவிப்பது எங்கள் காலத்து வெளிச்சம். அதன் கழிவைக் காவல்காக்கப் போவது இன்னும் பிறக்காத பிள்ளைகள். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது?” என்றாள். இருவரும் நன்றாகவே பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எமில்டாவுக்கு வேலை இல்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பெண் ஒருத்தி குனிந்து காதுக்குள், “உங்களுடைய ஆள் போனில் நிற்கிறார். எங்கேயோ மாட்டுப்பட்டு நிற்கிறார் போல. போனிலேயே பேசட்டும் என்று தலைவி சொல்கிறார்” என்றாள்.

மண்டபத்து ஒலிபெருக்கியில் முதலில் காற்று கேட்டது. பிறகு ஒரு முதியவரின் குரல்.

“ஹலோ... கேக்குதோ?”

“கேக்குது ஐயா. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லுறதை அப்படியே இங்கிலீஷில சொல்லுவன். கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுங்கோ.”

“நல்லது பிள்ளை. நான் மார்க்கம் ரவுனில டொக்டரிட்டப் போயிட்டு வந்தனான். ஹைவே பூட்டிப்போட்டாங்கள் எண்டு குறுக்கு ரோட்டால வந்தன். கார் வழுக்கிப் பள்ளத்துக்க இறங்கியிட்டுது. எனக்கு ஒண்டுமில்லை. இழுக்கிற வண்டிக்குச் சொல்லியிருக்கு, வர நேரமாகுமாம். அதுவரைக்கும் சும்மா இருக்கிறன்தானே, அதான் எடுத்தனான்.”

எமில்டா ஆங்கிலத்தில் சொன்னாள். “என் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை.” சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. தலைவி, “பாதுகாப்பாக இருந்தால் பேசுங்கள்” என்றாள்.

“என்ர பேர் தில்லையம்பலம். நான் உதுக்கு எதிராப் பேச வரேல்லை. ஆதரவாகவும் வரேல்லை. எனக்கு ஒரு கேள்வி இருக்கு.”

அவர் நிறுத்தினார். அவள் சொன்னாள். அப்படியே போனது.

“கொரோனாவுக்கு முந்தின தையில, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய போன் கத்திச்சுது. எல்லாற்ற போனும் கத்திச்சுது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவசர எச்சரிக்கை மெசேஜ், பிக்கரிங் எண்டும் நியூக்கிளியர் எண்டும் கிடந்துது. எனக்கும் மனுசி தவத்துக்கும் இங்கிலீஷ் மட்டுமட்டு. ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு கீழ எழுதியிருந்ததாம், அது எங்களுக்கு விளங்கேல்லை. தவம் பாஸ்போட்டுகளையும் மருந்துப் பையையும் எடுத்தா. பிளாஸ்கில தேத்தண்ணி ஊத்தினா. நாங்கள் பழகின ஆக்கள்தானே, ஓடுறதுக்கு. காரில ஏறி ஸ்ராட் பண்ணிப்போட்டு இருந்தம். அவ கேட்டா, எங்க போறது எண்டு.”

எமில்டா மொழிபெயர்த்தாள். “நாங்கள் காரில் ஏறி இருந்தோம். என் மனைவி கேட்டாள், எங்கே போவது என்று.”

“மகள் லண்டனில. இஞ்ச முப்பது வருசம் இருந்திருக்கிறம், விடியக் காலமை போய்க் கதவைத் தட்டக்கூடிய வீடு ஒண்டு வாய்க்கு வரேல்லை. ஊரில ஓடேக்க ஒரு கோயில் இருந்தது, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, முன்பின் தெரியாதவன்ர வளவாவது இருந்தது. இஞ்ச நான் காரைக் கொண்டுபோய்ப் பிளாஸா ஒண்டில விட்டன். கடை ஒண்டும் திறக்கேல்லை. அதில இருந்தம்.”

‘கதவைத் தட்டக்கூடிய வீடு ஒன்றும் என் வாய்க்கு வரவில்லை’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது எமில்டா இடையில் நிறுத்தித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு வாக்கியத்தை முடித்தாள். பிறருடைய ‘நான்’ சிலசமயம் தன்னுடையதாக வந்து தைப்பது அவளுக்குப் புதிதல்ல. அதையும் பழகித்தான் இருந்தாள்.

“பிறகு பிழையா அனுப்பியிட்டம் எண்டு இன்னொண்டு வந்தது. சரி, மனுசர் பிழை விடுறதுதான். நான் அதைக் கேக்க வரேல்லை. தவம் செத்து இரண்டு வருசம். இனி அப்பிடிப் போன் கத்தினா நான் காரில ஏற மாட்டன். வீட்டதான் இருப்பன். நீங்கள் அதைத் திருத்துங்கோ, மூடுங்கோ, படிச்ச ஆக்கள் யோசிச்சுச் செய்யுங்கோ. என்ர கேள்வி... என்ர கேள்வி என்னெண்டால், தனிய இருக்கிற ஆக்களிட்ட ஆர் வந்து சொல்லுவினம்? ஆர்...”

பேச்சு நின்றது. காற்று மட்டும் கேட்டது.

“ஐயா?”

“தலை இடிக்குது பிள்ளை.”

“என் தலை இடிக்கிறது” என்றாள் எமில்டா ஆங்கிலத்தில். முன்மேசையில் ஒருவர் எழுதிக்கொண்டார்.

“சத்தியெடுக்க வாறமாதிரிக் கிடக்கு. தவம், அந்த யன்னலைச் சாத்து. தேத்தண்ணி ஆறுது.”

எமில்டாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. “தவம், அந்த யன்னலைச் சாத்து, தேநீர் ஆறுகிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோன மனைவியோடு அவர் பேசுகிறார். தலைவி புருவத்தைச் சுருக்கி, மொழிபெயர்ப்பில் ஏதோ தவறு என்று நினைத்தவள்போல எமில்டாவைப் பார்த்தாள்.

“மொழிபெயர்ப்பாளருக்கு...” என்று எமில்டா தொடங்கினாள். அந்த வாக்கியம் முடியவில்லை. எழுந்து நின்றாள். “இல்லை. இப்போது பேசுவது நான். என் பெயர் எமில்டா. இந்த மனிதருக்கு ஏதோ நடக்கிறது. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்துகிறேன். தயவுசெய்து யாராவது உதவுங்கள்.”

பிறகு கெவின் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எஞ்சின் ஓடுகிறதா என்று கேளுங்கள். பள்ளத்துக்குள் என்றால் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கும். அந்த விஷப்புகை உள்ளேதான் வரும், தலை குழம்பும்.”

எமில்டா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். “அண்ணை! நான் சொல்லுறது கேக்குதோ? கார் ஸ்ராட்டிலயோ கிடக்கு?”

“ஹீற்றர் போட்டிருக்கு. குளிர் பிள்ளை.”

“உடன நிப்பாட்டுங்கோ அண்ணை. பட்டனை அமத்துங்கோ. கதவைத் திறங்கோ.”

“கதவு திறக்காது... ஸ்னோ.”

“அப்ப கண்ணாடியை இறக்குங்கோ. முதல் கண்ணாடி, பிறகு எஞ்சின், நிப்பாட்டினாக் கண்ணாடி இறங்காது. எனக்காகச் செய்யுங்கோ அண்ணை. நித்திரை கொள்ளாதேங்கோ!”

ஒழுங்குபடுத்தும் பெண் இன்னொரு போனில் அவசர சேவையை அழைத்துவிட்டாள். இடம் எது என்று அவர்கள் கேட்டார்கள். எமில்டா கேட்டாள். அவருக்கு வீதியின் பெயர் வரவில்லை. “ஒரு சின்னச் சேர்ச் தாண்டினனான்... பச்சைக் கூரை. பிறகு வெள்ளை வேலி... குதிரைக்குப் போர்வை போத்தியிருந்தவை.”

அவள் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன் மார்த்தா கைப்பையைக் கொட்டி போனைத் தேடத் தொடங்கிவிட்டாள். “அது எங்கள் வீதி. அந்தக் குதிரைகள் என்னுடையவை” என்றாள். மைத்துனரை அழைத்து, ட்ராக்ரரை எடுத்துக்கொண்டு தேவாலயத்துப் பக்கம் ஓடும்படி கத்தினாள். கெவின் அவளுக்குப் பக்கத்தில் நின்று, “முதலில் வெளியே இழுக்கச் சொல்லுங்கள். காரைப் பற்றி யோசிக்க வேண்டாம்” என்றார். அவள் அதையும் அப்படியே சொன்னாள்.

ஒலிபெருக்கியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு காற்று திடீரெனப் பெரிதானது. “கண்ணாடி கொஞ்சம் இறங்கியிட்டுது” என்றாள் எமில்டா, யாருக்கென்றில்லாமல். எஞ்சின் நின்றதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். என்ன பேசினாள் என்பது பிறகு அவளுக்கு முழுதாக நினைவில்லை. ‘அண்ணை, நான் எமில்டா, குருநகர். நான் வோபர்னில இருக்கிறன். நானும் தனியத்தான் இருக்கிறன். நீங்கள் ஏதாவது சொல்லுங்கோ, திட்டுங்கோ, பரவாயில்லை’ என்றெல்லாம் சொன்னாள். மண்டபத்தில் ஒருவருக்கும் தமிழ் விளங்காது. எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கமிருந்து மறுமொழி இல்லை.

கடைசியில் ஓர் எஞ்சின் சத்தம் கேட்டது. கனத்த சத்தம், கிட்ட வந்தது. ஓர் ஆணின் குரல் ஆங்கிலத்தில் ஏதோ கூவியது. கண்ணாடி உடைந்தது. பிறகு அந்தக் குரல் போனுக்கு மிக அருகில், மூச்சிரைக்க, “கிடைத்துவிட்டார். உயிர் இருக்கிறது” என்றது.

மார்த்தா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கெவின் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எமில்டா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரலாம் என்று யாராவது சொல்லவேண்டும்போல இருந்தது.

சிறிது இடைவேளைக்குப் பிறகு கூட்டம் தொடர்ந்தது. தில்லையம்பலத்தின் கேள்வி பதிவு செய்யப்படும் என்றாள் தலைவி. எமில்டாவுக்கு மனப்பூர்வமாக நன்றி சொன்னாள். அடுத்த பேச்சாளர் மின்கட்டணம் பற்றித் தொடங்கினார். தமிழில் பேச இனி யாரும் இல்லை, நீங்கள் போகலாம் என்று ஒழுங்குபடுத்தும் பெண் கனிவாகவே சொன்னாள்.

வெளியே பனி நின்றிருந்தது. காற்று நிற்கவில்லை. வீட்டுக்குப் போவதற்கு மேற்கே திரும்பவேண்டும். எமில்டா கிழக்கே திரும்பினாள். தில்லையம்பலத்தை எயாக்ஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்தாள். கண்ணுக்குத் தெரியாத ஐஸில் இரண்டுமுறை வண்டி பக்கவாட்டில் சறுக்கியது. நடந்துபோகிறவன் முந்திவிடும் வேகத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அவசரப் பிரிவில் தாதி கணினியிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள். “உறவா?”

“இல்லை.”

“நண்பரா?”

எமில்டா யோசித்தாள். அவருடைய முகம்கூட அவளுக்குத் தெரியாது. “மொழிபெயர்ப்பாளர்.”

“யார் உங்களை அழைத்தது?”

“ஒருவரும் அழைக்கவில்லை.”

தாதி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கெட்டவள் இல்லை. “நோயாளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமுடியாது. தமிழ் தேவைப்பட்டால் நிறுவனத்தை அழைப்போம்” என்றாள். எமில்டா அங்கே கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தாள். நிறுவனம் அழைத்தால் தான் பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லலாம் என்ற எண்ணம். போன் மடியிலேயே கிடந்தது. ஒரு பையன் உடைந்த கையோடு வந்தான், கட்டுப்போட்டுக்கொண்டு போனான். பிறகு அவளும் எழுந்து வீட்டுக்கு வந்தாள். சோற்றைச் சூடாக்கி நின்றபடியே சாப்பிட்டாள்.

நிறுவனத்திலிருந்து மறுநாள் மேலாளர் அழைத்தார். நடந்ததைக் கேள்விப்பட்டதாகவும், சரியான காரியம் செய்ததாகவும் சொன்னார். தில்லையம்பலம் எப்படி இருக்கிறார் என்று எமில்டா கேட்டபோது மட்டும் குரல் மாறியது. “உங்களுக்கு விதி தெரியும்தானே, எமில்டா.” தெரியும். பல வருடங்களாக அதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

நாட்கள் போயின. மரண அறிவித்தல் போடும் தமிழ் இணையத்தளத்தை அவள் தினமும் காலையில் திறந்து பார்த்தாள். அந்தப் பெயர் இல்லை. இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒரு சனிக்கிழமை காலை, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது தமிழ் வானொலி பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிய, நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சி. நடத்துபவர் றெமிஜியஸ். அன்றைய தலைப்பு, பிக்கரிங் அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா. ஒருவர் ஜப்பானில் அணு உலை வெடித்ததைப் பற்றிச் சொன்னார். ஒரு பெண் தன் வீட்டின் விலை விழுந்துவிடும் என்றாள். இன்னொருவர், கரிப்புகையைச் சுவாசிப்பதைவிட இது மேல் என்று புள்ளிவிபரத்தோடு வாதாடினார். பிறகு றெமிஜியஸ், “அடுத்த நேயர் பிக்கரிங்கில இருந்து. வணக்கம், சொல்லுங்கோ” என்றார்.

“வணக்கம் தம்பி. தில்லையம்பலம் கதைக்கிறன்.”

எமில்டாவின் கையிலிருந்த கத்தி நின்றது.

“நான் அண்டைக்கு ஒரு கூட்டத்தில சொல்ல வெளிக்கிட்டு முழுசாச் சொல்லி முடியேல்லை. அதான் எடுத்தனான். பிழையா அனுப்பியிட்டம் எண்டு மெசேஜ் வந்த பிறகு நாங்கள் உடன வீட்ட போகேல்லை தம்பி. தவம் சொன்னா, இன்னும் கொஞ்சம் இருப்பம் எண்டு. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு காருக்கயே இருந்தம். கலியாணம் கட்டின காலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நாங்கள் அவ்வளவு நேரம் கதைச்சது. ரெண்டு பேரும் ஷிப்ட் வேலை பாத்த ஆக்கள், வீட்டில ஒராளையொராள் காண்கிறதே குறைவு...”

“அண்ணை, நேரம் போகுது. அணுமின் வேணுமோ வேண்டாமோ, அதைச் சொல்லுங்கோ.”

“கரண்ட் வேணும்தானே தம்பி. ஆனா நான் என்ன சொல்ல வாறன் எண்டால்...”

“நன்றி அண்ணை, நன்றி. ஒரு சின்ன விளம்பரத்துக்குப் பிறகு சந்திப்பம்.”

வீட்டுக்கடன் எடுத்துத் தருபவரின் விளம்பரம் பாட்டோடு வந்தது. எமில்டா வெங்காயக் கையைத் துடைக்காமலே வானொலி நிலையத்தின் நம்பரை அமுக்கினாள். வரிசையில் நிற்கும்படி ஒரு குரல் சொன்னது. போனில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டேயிருந்தது. வரிசை அவளிடம் வருமுன் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பிறகு ஒரு பெண் போனை எடுத்து, “என்ன கருத்து சொல்லப் போறியள் அன்ரி? அடுத்த கிழமை எடுங்கோ” என்றாள்.

“கருத்து ஒண்டும் இல்லை. பிக்கரிங்கில இருந்து கதைச்ச ஐயாவுக்கு என்ர நம்பரைக் குடுப்பீங்களோ? எமில்டா எண்டு சொல்லுங்கோ.” சொல்லும்போதே தன் தொழிலின் விதியை மீறுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நம்பரை இரண்டுமுறை சொன்னாள்.

அன்று அழைப்பு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் மறந்திருப்பார், அல்லது அந்தப் பெண் கொடுத்திருக்கமாட்டாள் என்று விட்டுவிட்டாள். அடுத்த கிழமை ஒருநாள் காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பர் ஒன்று வந்தது.

“ஹலோ, பிள்ளையோ?”

“ஓம் அண்ணை. நான்தான்.”

ஒரு மண்டபத்தையே நிறுத்திவைத்துவிட்டுப் பேசிய இருவர் இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள்.

“சுகமோ?” என்றாள் எமில்டா.

“சுகம். தலைச்சுத்து மட்டும் இடைக்கிடை. மகள் லண்டனுக்கு வரச்சொல்லி நிக்கிறாள். நான் மாட்டன் எண்டிட்டன். அங்க போயும் ஒரு அறைக்க இருக்கிறதுதானே.” தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தது எனக்குக் கேட்டதுதான் பிள்ளை. வாய்தான் திறக்கேல்லை. குருநகர் எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“கார் பழுதாப் போட்டுது. மகள் இனி ஓடவேண்டாமாம்.” எமில்டா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவரே கேட்டார். “இப்ப எங்க நிக்கிறியள்?”

“வேலைக்கு வெளிக்கிடுறன். ஒஷாவாவில ஒரு வழக்கு.”

“வெளியில பாத்தனீங்களோ? திரும்பவும் தொடங்கியிட்டுது.”

அவள் யன்னல் திரையை விலக்கினாள். தரிப்பிடத்துக் கார்களின் மேல் மெல்லிய வெள்ளை படிந்துகொண்டிருந்தது. “ஓம். கொஞ்சமாத்தான் கொட்டுது.”

“கொஞ்சம்தான் பொல்லாதது. மெதுவாப் போங்கோ. போய்ச் சேந்த உடன எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கோ.”

ஒஷாவாவுக்குப் போய்ச் சேர வழமையைவிட அதிக நேரம் எடுத்தது. நீதிமன்றத்துத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு எமில்டா உடனே இறங்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். இவ்வளவு சின்ன விடயத்துக்கு ஒருவரை அழைப்பது அவளுக்குப் பழக்கமில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்து, ஒன்றும் வராமல், நம்பரை அமுக்கினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். “சேந்திட்டியளோ?”

“ஓம் அண்ணை. சேந்திட்டன்.”

“அப்ப சரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.